கண்ணாடி நெகட்டிவ்களும் கணக்கு நோட்டும்

மதிப்பிற்குரிய ஐயா,

பாளையங்கோட்டையில் என் தாத்தா போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். பரணில் மூன்று மரப்பெட்டி நிறையக் கண்ணாடி நெகட்டிவ்கள் இருக்கின்றன. அருங்காட்சியகம் ஒன்றில் கேட்டேன். நெல்லையப்பர் தேர், ஆற்று வெள்ளம் மாதிரியான படங்கள் போதும், குடும்பப் படங்கள் வேண்டாம் என்றார்கள். அவற்றை என்ன செய்வது? கரையான் அரித்த கணக்கு நோட்டுகளும் நான்கு கிடக்கின்றன, எறிந்துவிடலாம் என்கிறார் அம்மா.

தங்கள் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நோட்டுகளை எறிந்துவிடாதீர்கள். அம்மாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

ஒரு நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கருங்கூந்தல் வெளுத்தும் வெள்ளை வேட்டி கறுத்தும் தெரியும். மூலையில் கீறலாக ஓர் எண் இருக்கிறதா? மறுபிரதி கேட்டு வருகிறவர்களுக்காக அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் பலர் அதே எண்ணை நோட்டிலும் பெயர், தேதியோடு குறித்து வைத்தார்கள். நோட்டு போய்விட்டால் மிஞ்சுவது பெயரில்லாத முகங்கள்தான்.

தாமிரபரணிக் கரையில் பழங்கால முதுமக்கள் தாழிகள் கிடைத்த ஆதிச்சநல்லூரை நினைத்துப் பாருங்கள். தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரியா 1899 முதல் அங்கே தோண்டி எடுத்தவை சென்னைக்குப் போயின. இன்றும் அவற்றைப் பொருள் பொருளாகப் பேச முடிகிறதென்றால், 1915இல் அவர் அச்சிட்ட பட்டியல் அதற்கு முக்கியக் காரணம். 1876இல் அங்கிருந்து எடுத்துப் போனவை பெர்லினில் இருக்கின்றன. பொருள் எவ்வளவு தூரம் போனாலும் அதன் குறிப்பு கூடவே போக வேண்டும்.

குடும்பப் படங்கள் வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நெல்லையப்பர் தேர் இந்த ஆனியிலும் ரதவீதியில் ஓடும். தோள்வரை தொங்கும் காதில் பாம்படம் போட்ட ஆச்சியை இனி எந்த வீதியில் பார்ப்பது? அசையாமல் இருக்கச் சொல்லியும் அசைந்துவிட்ட பிள்ளையின் மங்கிய முகமும், அதை இறுக்கிப் பிடித்திருக்கும் தாயின் கையும் நம் சரித்திரம் இல்லையா? கொடுத்தால் பெட்டிகளையும் நோட்டுகளையும் பிரிக்காமல் சேர்த்தே கொடுங்கள். பிரிக்க மாட்டோம் என்று எழுதி வாங்குங்கள்.

அதுவரை நெகட்டிவ்களை ஓரத்தில் மட்டும் பிடித்து எடுங்கள். மங்கலான பக்கத்தில்தான் படம் இருக்கிறது. அங்கே ஈரத்துணி படக் கூடாது, பூச்சு இளகி வந்துவிடும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல், தனித்தனிக் காகித உறையில் இட்டு நிமிர்த்தி வையுங்கள். பரண் சூடு ஆகாது. அதற்காகத் தரையிலும் வைத்துவிடாதீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், தாமிரபரணி வீடுகளுக்குள் புகுந்ததையும் பார்த்தவர்கள் நாம்.

முதல் வேலை நோட்டுதான். ஒட்டிக்கொண்ட பக்கங்களை இழுத்துப் பிரிக்க வேண்டாம். திறக்கிற பக்கங்களை மட்டும் கைபேசியில் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். எழுத்துப் புரியாத இடங்களைச் சேர்ந்து படிப்போம்.