.22 றைபிளுக்குப் பாரம் குறைந்த ஸ்கோப்: கேள்வி பதில்

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, 50 மீற்றர் குறித்தாள் சுட 6-24x50 ஸ்கோப் (6 முதல் 24 மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. முன்கண்ணாடியுள்ள குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒன்று மலிவா வருது. எடுக்கலாமா?

விடுங்கோ தம்பி. அந்த வகை அனேகமாக அரைக் கிலோவைத் தாண்டும். சின்ன றைபிளின் மேல் வைத்தால் தலைப்பாரம்தான். 50 மி.மீ. முன்கண்ணாடிக்கு ஸ்கோப்பைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டையும் உயர்த்த வேண்டும். பிறகு கன்னம் றைபிளின் கட்டையில் படியாது. 24 மடங்கில் உங்கள் நாடித்துடிப்பே குறியில் ஆடும், பதறி விசையைப் பறிப்பீர்கள். 4x32 அல்லது 2-7x32 தாராளம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: இரண்டு 4x32 பார்த்தேன். "ரிம்ஃபயர்" (.22 போல விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் தோட்டா வகை) என்று போட்டது விலை கூட. பெயருக்குத்தானா?

இல்லை. இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்டிருக்க வேணும். கண்ணைச் சற்று அசைத்தால் குறுக்குக்கோடு குறியின் மேல் நகர்கிறதே, அதுதான் பரலக்ஸ். ஒவ்வொரு ஸ்கோப்புக்கும் அது இல்லாமல் போகும் தூரம் ஒன்று உண்டு. பெரிய றைபிள்களுக்கானவை வழமையாக 100 யார் (கெஜம்) தூரத்துக்கு அமைந்தவை, ரிம்ஃபயர் வகை 50 யார் அளவில். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 யார் ஸ்கோப்பால் 50 மீற்றரில் சுடும்போது கண் முழுவதும் ஓரம் போனால் 32 மி.மீ. கண்ணாடியில் பிழை 7 மி.மீ. வரை வரும். 50 யார் ஸ்கோப்பில் அது 2 மி.மீ.கூட இல்லை. சர்வதேச 50 மீற்றர் குறித்தாளில் பத்தாம் வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ.! கூடுதல் காசை இதற்குக் கொடுங்கள், மடங்குக்குக் கொடுக்காதீர்கள்.

தெஹிவளையிலிருந்து: ரெட் டொட் (பெரிதாக்காமல் சிவப்புப் புள்ளியால் குறிபார்க்கும் கருவி) இன்னும் பாரம் குறைவுதானே?

குறைவுதான், 100 கிராமுக்குள்ளேயே கிடைக்கும். ஆனால் 2 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) புள்ளி 50 மீற்றரில் கிட்டத்தட்ட 29 மி.மீ. அகலத்தை மூடிவிடும். தகர டின் சுட நல்லது.

மட்டக்குளியிலிருந்து ஒரு தாய்: மகள் பாடசாலையில் 10 மீற்றர் எயார் றைபிள் சுடுகிறாள். ஸ்கோப் வாங்கவா?

வேண்டாம் அக்கா. சர்வதேச துப்பாக்கி சுடும் விளையாட்டுச் சம்மேளனத்தின் (ஐஎஸ்எஸ்எஃப்) விதியில் 10 மீற்றர் எயார் றைபிளுக்கும் 50 மீற்றர் றைபிளுக்கும் ஸ்கோப் கூடாது, துளைவழிப் பார்வைதான். அந்தக் காசில் அவளுடைய அளவுக்கு ஜாக்கெட் தையுங்கள்.

மீண்டும் வெள்ளவத்தை: கடற்காற்றில் கண்ணாடி பூஞ்சணம் பிடிக்காதா?

பிடிக்கும். நைட்ரஜன் அடைத்த ஸ்கோப் என்றால் உள்ளே பனிக்காது, வெளிக்கண்ணாடியை நீங்கள்தான் காக்க வேண்டும். தோல் உறையில் போட்டு அலுமாரிக்குள் பூட்டி வைப்பதுதான் ஆகக் கெடுதல். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணி இளஞ்சிவப்பானால் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம்.

வாங்கமுன் றைபிளின் மேற்பள்ளத்தையும் அளந்து பாருங்கள். .22 பலவற்றில் 11 மி.மீ.தான், 20 மி.மீ. தண்டவாளம் போன்ற பட்டைக்கான மவுண்ட் அதில் பிடிக்காது.