அத்தையின் வீடும் சபை வக்கீலும்

(மத அமைப்புகளுக்குச் சட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெண் வழக்கறிஞர் ஒருவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் அத்தைக்கு 78 வயது. பிள்ளைகள் இல்லை. இருபது வருடமாக ஒரு சபையில் இருக்கிறார். தான் சம்பாதித்து வாங்கிய வீட்டை அந்தச் சபைக்கே எழுதிவைக்கப் போகிறாராம். சபை வக்கீல் இலவசமாகப் பத்திரம் எழுதித் தருகிறார், சாட்சிக் கையெழுத்தும் சபை ஆட்களே போடுகிறார்கள். எங்களுக்கு வீட்டின் மேல் ஆசை இல்லை, அம்மா. ஆனாலும் மனசு உறுத்துகிறது. தடுக்கலாமா?

பதில்: ‘ஆசை இல்லை’ என்று எழுதும் வாசகர்களை நான் பாதிதான் நம்புவேன். சரி, அது இருக்கட்டும். அத்தை தெளிவான மனதோடு இருந்தால் நீங்கள் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் உறுத்தல் நியாயமானது. அந்த ‘இலவசம்’தான் எனக்கும் உறுத்துகிறது.

முப்பது வருடம் அந்த வக்கீல் நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். அவருடைய கட்சிக்காரர் சபை, உங்கள் அத்தை இல்லை. ‘நாளைக்கு நீங்கள் சபையை விட்டு விலகினால் என்ன செய்வீர்கள்? படுக்கையில் விழுந்தால் செலவுக்கு எதை விற்பீர்கள்?’ என்று அத்தைக்காக நிற்கும் வக்கீல்தான் கேட்பார். சபை வக்கீல் கெட்டவர் என்று சொல்லவில்லை. அந்தக் கேள்விகளைக் கேட்கும் வேலை அவருடையதல்ல, அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைப் பாருங்கள். அத்தை கையெழுத்துப் போடப்போவது உயிலா, தான செட்டில்மென்டா? ‘எழுதிவைக்கிறேன்’ என்று இரண்டையும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உயில் என்றால் அத்தை கண்மூடிய பிறகுதான் வீடு கைமாறும். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்தும் போடலாம். செட்டில்மென்ட் என்றால் பதிவான அன்றே வீடு போய்விட்டது. திரும்பக் கேட்க வேண்டுமென்றால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

அப்படிக் கேட்ட ஒருவரின் கதை சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிப்பது. இங்கிலாந்தில் ஆல்கார்ட் என்ற பெண் ஒரு கன்னியர் சபையில் சேர்ந்து, சுமார் 7,000 பவுண்டு சொத்தைத் தலைமைச் சகோதரியிடம் கொடுத்தார். தலைமைச் சகோதரியின் அனுமதி இல்லாமல் வெளியாள் யாரிடமும் ஆலோசனை கேட்கக்கூடாது என்பது அந்தச் சபையின் விதி. 1879-இல் விலகினார், 1885-இல் வழக்குப் போட்டார். 1887-இல் தீர்ப்பு. சுதந்திரமான ஆலோசனை இல்லாமல் ஆன்மிக ஆதிக்கத்தின் கீழ் கொடுத்தது, திருப்பிக் கேட்டிருக்கலாம் என்றது கோர்ட். ஆனால் இத்தனை வருடம் பேசாமல் இருந்துவிட்டீர்களே என்று கையை விரித்துவிட்டது! இந்தியாவிலும் 1890-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், ஒரு முதியவர் மறுமை நன்மைக்காகத் தன் சொத்து முழுவதையும் குருவுக்கு எழுதிக் கொடுத்ததை ரத்து செய்திருக்கிறது.

உயிலுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. பலன் பெறுபவரே உயில் தயாரிப்பில் முன்னின்றால் அது சந்தேகத்துக்குரிய சூழ்நிலை, அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவருடையது என்று உச்ச நீதிமன்றம் 1959-இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொன்னது. ஆக, சபை வக்கீல் எழுதி, சபை ஆட்கள் சாட்சி போட்டால், நாளைக்குக் கூண்டில் நின்று திணறப்போவது சபைதான்.

இதனால்தான் யாராவது என்னிடம் வந்து ‘சபைக்கு எழுத வேண்டும்’ என்றால், ‘வெளியே ஒரு வக்கீலைப் பாருங்கள்’ என்று அனுப்பிவிடுவேன். ‘யாரைப் பார்க்கட்டும்?’ என்றால் பெயர்கூடச் சொன்னதில்லை. வந்த சொத்தை வாசலோடு திருப்பி அனுப்புகிறாள் என்று நிர்வாகிகள் முணுமுணுப்பார்கள். போனவர்களில் சிலர் திரும்பி வரவே இல்லை என்பதும் உண்மைதான்.

அத்தையிடம் ‘எழுதாதீர்கள்’ என்று சொல்லாதீர்கள். ‘உங்களுக்கென்று ஒரு வக்கீல் வையுங்கள், ஃபீஸை நீங்களே கொடுங்கள்’ என்று சொல்லுங்கள். நீங்கள் கொடுத்தால் அது வேறு சந்தேகம். சாட்சிகள் இரண்டு பேரும் சபைக்கு வெளியே இருக்கட்டும், உங்கள் வீட்டு ஆட்களாகவும் வேண்டாம். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஒருவர் சாட்சியாக இருந்தால் நல்லது.

கேள்வி: நான் ஒரு சிறிய சபையின் செயலாளர். இறந்துபோன உறுப்பினர் ஒருவர் பல வருடங்களுக்கு முன் எழுதிய உயிலில் சபைக்கு நிலம் கொடுத்திருக்கிறார். அப்புறம் சபை இரண்டாகப் பிரிந்துவிட்டது. பெரும்பான்மை எங்கள் பக்கம். நிலம் எங்களுக்குத்தானே?

பதில்: தலை எண்ணி முடிவாகிற விஷயமாக இருந்தால் நல்லதுதான். ஸ்காட்லாந்தின் ஃப்ரீ சர்ச் 1900-இல் இன்னொரு சபையோடு இணைந்தபோது, ஒரு சிறு கூட்டம் மட்டும் வர மறுத்தது. சபைச் சொத்து அதன் பழைய கொள்கைக்காகக் கொடுக்கப்பட்டது, எனவே அந்தக் கொள்கையை விடாத அந்தச் சிறு கூட்டத்துக்கே அது உரியது என்று, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை 1904-இல் தீர்ப்பளித்தது. அவ்வளவு சொத்தையும் அவர்களால் ஆள முடியாது என்று, பங்கு பிரிக்க நாடாளுமன்றம் 1905-இல் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று.

உங்கள் சபையின் பதிவுப் பத்திரத்தையும் துணை விதிகளையும் எடுங்கள். பிரிவினை வந்தால் சொத்து யாருக்கு என்று எழுதியிருக்கிறதா? உயிலில் எந்தப் பெயர் இருக்கிறது, அந்தப் பெயரில் பதிவு இப்போது யாரிடம் இருக்கிறது? நான் பார்த்த ஓர் உயிலில் பதிவுப் பெயருக்குப் பதிலாக, ஊர் ஜனங்கள் கூப்பிடும் பெயர் இருந்தது. மூன்று அமைப்புகள் வந்து நின்றன.

நிலத்தோடு வரும் நிபந்தனைகளையும் படியுங்கள். ஒத்துவராது என்றால் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் சபைக்கு உண்டு.

கேள்வி: எங்கள் குரு பெயருக்கே எழுதிவிட்டால் ஆசிரமத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும் அல்லவா?

பதில்: சேராது. அது அவருடைய சொந்தச் சொத்து என்று ஆகிவிடலாம். அவருக்குப் பிறகு அவருடைய அண்ணன் மகன் வந்து கேட்பான். அறக்கட்டளையின் பெயரைப் பதிவில் உள்ளபடி, பதிவு எண்ணோடு எழுதுங்கள்.