கண்ணாடி இழைகளை ஒட்டுவதும் கோப்பதும்: உறுப்பினர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஒளியிழைக் கேபிள்களை இணைக்கும் கருவிகளையும் முறைகளையும் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்கு வரலாற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் விளங்கும்.

செம்புக் கம்பியை முறுக்கிவிட்டாலே மின்சாரம் பாய்கிறது. கண்ணாடி இழையை இணைக்க மட்டும் ஏன் இத்தனை கண்டுபிடிப்புகள் தேவைப்பட்டன? (பொறியியல் மாணவி, கோயம்புத்தூர்)

உலோகம் உலோகத்தை எங்கே தொட்டாலும் மின்சாரம் கடந்துவிடும். ஒளிக்கு அந்தச் சலுகை இல்லை. தொலைத்தொடர்பில் பயன்படும் ஒற்றைமுறை இழையின் (ஒளியை ஒரே வழியில் மட்டும் கடத்தும் இழை) கண்ணாடி விட்டம் 125 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன் நடுவில் ஒளி செல்லும் கோர் பகுதியோ ஏறத்தாழ 9 மைக்ரான்தான். இரண்டு கோர்களும் 1 மைக்ரான் விலகி நின்றால் 1310 நானோமீட்டர் ஒளியில் சுமார் 0.2 டெசிபெல் (ஒளி எவ்வளவு குறைகிறது என்பதைச் சொல்லும் அலகு) இழப்பு ஏற்படும். விலகல் 2 மைக்ரான் ஆனால் இழப்பு இரட்டிப்பதோடு நிற்பதில்லை. அது விலகலின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுவதால் 0.8 டெசிபெல் ஆகிவிடும். இரண்டு முனைகளும் ஒன்றுக்கொன்று 1 பாகை சாய்ந்திருந்தால் அதற்குத் தனியாக 0.3 டெசிபெல் போகும்.

இந்த எண்களை இழையின் சொந்த இழப்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1970-இல் கார்னிங் நிறுவனத்தில் மௌரர், கெக், ஷுல்ட்ஸ் ஆகிய மூவரும் கிலோமீட்டருக்கு 20 டெசிபெல்லுக்கும் குறைவாக இழக்கும் இழையைச் செய்து காட்டினார்கள். அந்த இழையில் இணைப்பு ஒன்றில் அரை டெசிபெல் போனால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். இன்றைய இழை 1550 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் அளவுதான் இழக்கிறது. அதாவது ஒரு மைக்ரான் தவறு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கேபிளை விழுங்கிவிடுகிறது. இழை தெளிவடையத் தெளிவடைய இணைப்பின் மீதான நெருக்கடி கூடிக்கொண்டே போனது. அந்த நெருக்கடிக்குத் தீர்வாக வந்த கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் ஒரே வழியைத்தான் பின்பற்றின: மைக்ரான் அளவுத் துல்லியத்தைத் தொழிலாளியின் கையிடம் எதிர்பார்க்காமல், ஆலையில் லட்சக்கணக்கில் வார்க்கக்கூடிய ஒரு சிறு பாகத்திடம் ஒப்படைத்தன.

அப்படிப்பட்ட முதல் பாகம் எது? இப்போது நாம் மாட்டும் எஸ்சி, எல்சி கனெக்டர்கள் எப்படி வந்தன? (தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர், திருச்சி)

முதல் பாகம் இதுதான் என்று ஒன்றைச் சுட்டுவது கடினம். ஆனால் 1970-களின் நடுவில் பெல் ஆய்வகத்தில் ஜாக் குக், பால் ரங்கே ஆகியோர் உருவாக்கிய இரட்டைக் கூம்புக் கனெக்டர் ஒரு திருப்புமுனை என்பேன். உருளையைத் துளைக்குள் நுழைக்க வேண்டுமானால் கொஞ்சமாவது இடைவெளி விட்டாக வேண்டும். அந்த இடைவெளியில் உருளை ஆடும். கூம்பு அப்படியன்று. உள்ளே போகப் போக இறுகித் தானாகவே நடுவில் வந்து நிற்கும். எளிய வடிவியல்தான், ஆனால் அழகானது. அதன் குறை என்னவென்றால், முனைகள் சரியான ஆழத்தில் நிற்பதற்கு ஒவ்வொரு கூம்பையும் அளந்து தேய்க்க வேண்டியிருந்தது.

ஜப்பானின் என்டிடி நிறுவனம் உருளையையே வைத்துக்கொண்டு வேறு வழியில் சென்றது. 2.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஃபெரூல் என்ற உருளையின் நடுத்துளையில் இழை ஒட்டப்பட்டிருக்கும். எதிரெதிரே வரும் இரண்டு ஃபெரூல்களையும் நீளவாக்கில் பிளவுபட்ட ஒரு குழாய் கவ்விப் பிடிக்கும். குழாயின் உள்விட்டம் ஃபெரூலைவிட மிகச் சற்றே சிறியது. பிளவு இருப்பதால் அது விரிந்து கொடுத்துச் சுற்றிலும் சமமாக அழுத்தும். ஆகவே ஆடுவதற்கு இடைவெளியே இல்லை. ஃபெரூலுக்கு இன்று சிர்கோனியா பீங்கான்தான் வழக்கம். பலமுறை கழற்றி மாட்டினாலும் அது தேய்வதில்லை.

இதே 2.5 மில்லிமீட்டர் ஃபெரூலை வைத்துத்தான் திருகும் எஃப்சி, ஏடி அண்ட் டி நிறுவனத்தின் எஸ்டி, 1980-களின் நடுவில் என்டிடி கொண்டுவந்த எஸ்சி மூன்றும் செய்யப்பட்டன. எஸ்டி-யில் கேபிளை இழுத்தால் அந்த இழுவிசை ஃபெரூலுக்கே போய் முனைகள் பிரிந்துவிடும். எஸ்சி-யில் ஃபெரூல் வெளிக்கூட்டோடு பிணைக்கப்படாமல் சுருள்வில்லின் மேல் மிதந்துகொண்டிருப்பதால், கூட்டை ஆட்டினாலும் முனைகள் தொட்டபடியே இருக்கும். தள்ளினால் மாட்டும், இழுத்தால் கழலும் என்பதால் நெருக்கமான பலகையில் விரல் நுழையாத இடத்திலும் வேலை நடக்கும். பின்னர் லூசென்ட் நிறுவனம் ஃபெரூலை 1.25 மில்லிமீட்டராகப் பாதியாக்கி எல்சி-யைத் தந்தது.

பச்சைக் கனெக்டரை நீலக் கனெக்டரோடு மாட்டினால் சிக்னல் வருகிறது, ஆனால் படம் சரியில்லை. இரண்டும் ஒரே அளவுதானே? (கேபிள் டிவி நடத்துநர், தேனி)

வெளிக்கூடு ஒன்றுதான், முனை வேறு. நீலம் யுபிசி, பச்சை ஏபிசி. இவை முனையைத் தேய்க்கும் இரண்டு முறைகளின் பெயர்கள்.

கண்ணாடியிலிருந்து காற்றுக்குப் போகும் இடத்தில் ஒளியில் சுமார் 3.5 விழுக்காடு திரும்பிவிடும். இரண்டு முனைகளுக்கு நடுவில் மெல்லிய காற்று இடைவெளி இருந்தால் இரண்டு முகங்களிலும் சேர்ந்து 0.3 டெசிபெல் அளவு இழப்பு வரும். அதைவிடத் தொல்லை, திரும்பிய இரண்டு அலைகளும் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால், இடைவெளி இம்மியளவு மாறினாலும் இழப்பு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இதைத் தீர்க்க முனையைத் தட்டையாகத் தேய்ப்பதை விட்டு மிக லேசாகக் குவிந்த வடிவில் தேய்த்தார்கள். வில்லின் அழுத்தத்தில் இரண்டு குவிந்த முகங்களும் நட்ட நடுவே, அதாவது கோர் இருக்கும் இடத்தில், ஒன்றையொன்று தொட்டுக் காற்றை வெளியேற்றிவிடும். இதன் மேம்பட்ட வடிவமே யுபிசி. திரும்பும் ஒளி, அனுப்பிய ஒளியைவிட 50 டெசிபெல் அளவுக்குக் குறைந்துவிடும்.

ஏபிசி இன்னும் ஒரு படி மேலே போகிறது. முகத்தையே 8 பாகை சாய்த்துத் தேய்ப்பதால், திரும்பும் ஒளி 16 பாகை விலகிக் கோரில் தங்க முடியாமல் வெளியேறிவிடுகிறது. எதிலும் மாட்டாமல் திறந்து கிடக்கும் யுபிசி முனை 3.5 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். திறந்து கிடக்கும் ஏபிசி முனையோ ஏறக்குறைய எதையுமே அனுப்பாது. ஸ்பிளிட்டரில் (ஒரே ஒளியைப் பல இழைகளுக்குப் பிரித்துத் தரும் கருவி) பயன்படாத போர்ட்டுகள் பல இருக்கும் உங்கள் வலையமைப்புக்கு இது மிக முக்கியம். அனலாக் வீடியோவைச் சுமக்கும் லேசர், திரும்பி வரும் ஒளியால் எளிதில் குழம்பிப்போகும். அதனால்தான் கேபிள் டிவி-யில் எங்கும் பச்சையே இருக்கிறது.

சாய்ந்த முகமும் நேர் முகமும் சந்தித்தால் கோர்கள் தொடவே தொடாது. நடுவில் ஆப்பு வடிவத்தில் காற்று நிற்கும். சில டெசிபெல்கள் போகும். பீங்கான் விளிம்பு எதிர்முகத்தைக் கீறவும் கூடும். அந்த அடாப்டரில் மாட்டிய இரண்டு முனைகளையும் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, ஒரு பக்கம் ஏபிசி, மறுபக்கம் யுபிசி உள்ள பேட்ச் கார்டு (இரு முனைகளிலும் கனெக்டர் உள்ள சிறு கேபிள்) ஒன்றை நடுவில் போடுங்கள்.

ஸ்பிளைசிங் மெஷினுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது? (இளநிலைத் தொழில்நுட்பர், திருநெல்வேலி)

கண்ணாடியைக் கண்ணாடியோடு உருக்கி ஒட்டுவது பழைய எண்ணம்தான். 1971-இல் பெல் ஆய்வகத்தின் பிஸ்பீ, மின்சாரத்தால் சூடாக்கிய நிக்ரோம் கம்பியைக் கொண்டு இழைகளை உருக்கி இணைத்துக் காட்டினார். பிறகு அந்தக் கம்பியின் இடத்தை மின்வில் பிடித்துக்கொண்டது. எலக்ட்ரோடு முனைகளுக்கிடையே எழும் பொறியைத்தான் இன்றும் உங்கள் திரையில் பார்க்கிறீர்கள்.

மெஷினைவிட முக்கியமானது அதற்கு முந்தைய வேலை. அதே ஆய்வகத்தினர் 1973-இல் விளக்கிய முறைப்படிதான் இழையை வெட்டும் இன்றைய கிளீவர் வேலை செய்கிறது: கடினமான அலகால் இழையின் ஒரு பக்கத்தில் மிகச் சிறிய கீறல் போட்டு, இழுவிசையில் வளைக்க வேண்டும். வெடிப்பு மறுபக்கம் வரை ஓடி, தேய்க்கத் தேவையில்லாத கண்ணாடிப் பளபளப்புள்ள முகத்தை விட்டுச் செல்லும். விசை கூடினால் முகம் கரடுமுரடாகும். குறைந்தால் ஓரத்தில் உதடு போல ஒரு துண்டு நீட்டிக்கொண்டு நிற்கும். முகச் சாய்வு 1 பாகையைத் தாண்டினால் மீண்டும் வெட்டிவிடுங்கள். பூச்சை உரித்தபின் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்கும்போது இழை கீச்சென்று ஒலித்தால் தூய்மையாகிவிட்டது என்று கொள்ளலாம்.

மெஷின் முதலில் ஒரு சிறு பொறியால் தூசியை எரிக்கும். பிறகு கேமரா வழியாகப் பார்த்து இரண்டு இழைகளையும் நேர்ப்படுத்தும். அடுத்து முழுப் பொறியைக் கொடுத்துக்கொண்டே ஒன்றை மற்றொன்றுக்குள் சில மைக்ரான் தள்ளும். உருகிய கண்ணாடியின் பரப்பு இழுவிசை வெளிவிட்டங்களைத் தானாகவே ஒன்றாக்கப் பார்க்கும். இழையின் கோர் மிகச் சரியாக நடுவில் இருந்தால் இது நமக்குத் துணை. கோர் சற்றே ஒதுங்கியிருந்தால், மெஷின் நேர்ப்படுத்தி வைத்ததைக் கலைத்துவிடும். நல்ல மெஷின்கள் இதையும் கணக்கிட்டே பொறியின் நேரத்தை அமைக்கின்றன. 0.05 டெசிபெல்லுக்குக் குறைவான இழப்பு சாதாரணமாகவே கிடைக்கும். ஒட்டிய இடத்தை மூடிக் காக்கும் சுருங்கு குழாயை மட்டும் ஒட்டுவதற்கு முன்பே இழையில் கோத்துவிடுங்கள். பிறகு நுழைக்க வழியில்லை.

ஓடிடிஆர்-இல் ஒரு ஜாயிண்டில் ஒளி கூடியதாகக் காட்டுகிறது. ஜாயிண்டு எப்படி ஒளியைப் பெருக்கும்? (கள மேற்பார்வையாளர், சேலம்)

பெருக்காது. ஓடிடிஆர் என்பது இழையின் ஒரு முனையிலிருந்து ஒளித்துடிப்பை அனுப்பி இழப்பை அறியும் கருவி. அது அளப்பது இழைக்குள் சிதறித் திரும்பும் ஒளியைத்தான். ஜாயிண்டுக்கு அப்பால் இருக்கும் இழை வேறு தயாரிப்பாக இருந்து கூடுதலாகச் சிதறடித்தால், கருவி அதை ஆதாயம் என்று காட்டிவிடும். மறுமுனையிலிருந்து அளந்தால் அதே ஜாயிண்டு மிகையான இழப்பைக் காட்டும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் கிடைப்பதே உண்மையான மதிப்பு. ஒரு பக்க அளவை மட்டும் நம்பி நல்ல ஜாயிண்டை உடைத்துத் திரும்பப் போடுவது வீண் வேலை.

வீட்டு இணைப்புகளுக்கு ஃபாஸ்ட் கனெக்டர் போடுகிறோம். மெஷின் இல்லாமல் அது எப்படி வேலை செய்கிறது? நம்பலாமா? (இணையச் சேவை ஒப்பந்ததாரர், நாகர்கோவில்)

பெரும்பாலான வகைகளில் ஃபெரூலின் உள்ளே ஒரு சிறு இழைத்துண்டை ஆலையிலேயே ஒட்டி, முன்முகத்தைத் தேய்த்து அனுப்பிவிடுகிறார்கள். நீங்கள் வெட்டிய இழை பின்பக்கமாக நுழைந்து, ஆங்கில வி எழுத்து வடிவப் பள்ளத்தில் படுத்து, அந்தத் துண்டின் பின்முனையை முட்டும். நடுவிலுள்ள ஜெல்லின் ஒளிவிலகல் எண் கண்ணாடியினுடையதை ஒட்டியே இருப்பதால் காற்று இடைவெளியின் எதிரொளிப்பு மறைந்துவிடுகிறது. ஆக, கனெக்டர் உடலுக்குள் ஒளிந்திருக்கும் ஓர் இயந்திர இணைப்பு அது. வெட்டு நன்றாக இருந்தால் வீட்டுக்குள் போதுமானது. வெயிலும் மழையும் படும் கம்பத்தின் மேல் பிக்டெயிலை (ஒரு முனையில் ஆலையிலேயே கனெக்டர் பொருத்திய சிறு இழை) உருக்கி ஒட்டுவதையே நான் விரும்புவேன். சூடும் குளிரும் மாறி மாறி வரும்போது இழை நகர்ந்து ஜெல்லில் இடைவெளி விழக்கூடும்.

ஒற்றைமுறை இழையையும் பலமுறை இழையையும் ஒட்டலாமா? (பெயர் குறிப்பிடாதவர்)

ஒட்டும், ஆனால் ஒரு திசையில் மட்டுமே பயனுண்டு. ஒற்றைமுறை இழையின் 9 மைக்ரான் கோரிலிருந்து, பலமுறை இழையின் (ஒளி பல வழிகளில் செல்லும் அகலக் கோர் இழை) 50 மைக்ரான் கோருக்குள் ஒளி தடையின்றிப் போகும். எதிர்த்திசையில் பெரும்பகுதி வெளியே போய்விடும்.

ஒரே கனெக்டரில் 12 இழைகளை இணைக்கும் எம்பிஓ எப்படி நேர்நிற்கிறது? (டேட்டா சென்டர் ஊழியர், சென்னை)

இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1976-இல் அட்லாண்டாவில் பெல் நிறுவனம் நடத்திய சோதனையில் 144 இழைகள் கொண்ட கேபிள் பயன்பட்டது: ஒரு நாடாவில் 12 இழைகள், அப்படி 12 நாடாக்கள். அவற்றை ஒவ்வொன்றாக இணைக்காமல், வேதிப்பொருளால் பள்ளங்கள் அரிக்கப்பட்ட சிலிக்கான் சில்லுகளை நாடாக்களுக்கிடையே அடுக்கி, கேபிள் முழுவதையும் ஒரே கட்டாக இணைத்தார்கள். சிலிக்கான் படிகம் குறிப்பிட்ட கோணத்தில் மட்டுமே அரிக்கப்படும் என்பதால் பள்ளங்களின் துல்லியம் படிகத்திலிருந்தே கிடைத்தது. கனெக்டர் வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்தது இந்த வேலைதான்.

என்டிடி உருவாக்கிய எம்டி ஃபெரூல் அதே நோக்கத்தை வார்த்தெடுத்த பிளாஸ்டிக்கில் நிறைவேற்றியது. 250 மைக்ரான் இடைவெளியில் 12 துளைகள், இருபுறமும் வழிகாட்டி ஊசிகளுக்கு இரண்டு துளைகள். ஊசிதான் நேர்நிறுத்துகிறது, எம்பிஓ-வின் வெளிக்கூடு பிடித்துக்கொள்வதோடு சரி. ஆகவே ஊசியுள்ள முனையை ஊசியில்லாத முனையோடுதான் மாட்ட வேண்டும். ஊசியில்லாத இரண்டைச் சேர்த்தாலும் கூடு கிளிக் என்று பூட்டிக்கொள்ளும், ஆனால் இழைகள் நேர்நிற்கா. புதிய ஆட்கள் அந்த ஓசையை நம்பிவிடுகிறார்கள்.

தூசி நிறைந்த சுரங்கத்திலும் ராணுவப் பயன்பாட்டிலும் இந்தக் கனெக்டர்கள் தாக்குப்பிடிக்குமா? (ஓய்வுபெற்ற சிக்னல் படைப்பிரிவு வீரர், வேலூர்)

ஐயா, அங்கே முனைகளைத் தொடவிடாத வேறொரு வகை பயன்படுகிறது. இழை முனைக்கு எதிரே ஒரு சிறு வில்லையை வைத்து ஒளியை அகலமான இணைகற்றையாக விரித்து, எதிர்ப்பக்க வில்லையால் மீண்டும் குவிக்கிறார்கள். 9 மைக்ரான் கோரை மூடிவிடும் ஒரு தூசி, அதைப்போல் பல மடங்கு அகலமான கற்றையில் சிறு பங்கைத்தான் மறைக்கும். பக்கவாட்டு விலகலும் அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் கோணப் பிழையை இந்த வகை சாதாரணக் கனெக்டரைவிடக் குறைவாகவே பொறுத்துக்கொள்ளும். வில்லைகளின் பரப்புகளில் ஒளி திரும்புவதால் இழப்பும் கூடுதல். சேறு படிந்தால் தண்ணீரால் கழுவித் துணியால் துடைத்து மாட்டிவிடலாம் என்பதற்காகவே படையினர் அந்த இழப்பை ஏற்றுக்கொள்கிறார்கள்.