ஆய்வேட்டில் அடிக்குறிப்பை எங்கே, எப்படி இட வேண்டும்?

தமிழிலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதுபவர் என்று கருதிக்கொண்டு பதில் சொல்கிறேன். பிறர் சொற்களை அப்படியே எடுத்தாளும்போது மட்டுமன்றி, பிறர் கருத்தை நம் நடையில் சொல்லும்போதும் அடிக்குறிப்பு கட்டாயம். குறட்பாக்கள் 1330 என்பது போன்ற பொதுச்செய்திக்குத் தேவையில்லை.

அதைவிட முக்கியம், நீங்கள் கையில் வைத்துப் படித்த பதிப்பையே குறிப்பிடுவது. புறநானூற்றுப் பாட வேறுபாடுகளைப் (ஒரே அடி சுவடிக்குச் சுவடி சொல் மாறி வருவதைப்) பற்றி நான் ஒரு கட்டுரை எழுதியபோது, உ.வே. சாமிநாதையர் 1894இல் வெளியிட்ட முதற்பதிப்பு எனக்குக் கிடைக்காமையால், பிற்காலப் பதிப்பொன்றைப் பயன்படுத்தி, அதன் ஆண்டையும் பக்க எண்களையுமே கொடுத்திருந்தேன். பின்னர் வேறொருவர் எழுதிய கட்டுரையில், நான் காட்டிய அதே இடங்கள் அதே வரிசையில், அதே பக்க எண்களுடன் இருந்தன. ஆண்டு மட்டும் 1894 என்று மாறியிருந்தது. பிறகு கிடைத்த முதற்பதிப்பின் மின்படியோடு ஒப்பிட்டேன். அந்தப் பக்க எண்கள் எதுவும் பொருந்தவில்லை. என் கட்டுரையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இதழாசிரியருக்கு எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதிலும் இல்லை. 'இன்னார் கட்டுரையில் எடுத்தாளப்பட்டது' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அவர் மதிப்பு குறைந்திருக்காது. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டு, 'பி - ம்.' என்று குறித்துப் பாடபேதங்களைப் பக்கத்தின் அடியில் நேர்மையாகத் தந்த பதிப்பாசிரியரின் நூலுக்கே இப்படி நேர்ந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சங்கப் பாடல்களுக்குப் பக்க எண்ணை மட்டும் தருவதைத் தவிர்த்து, புறம். 192:1 என்பது போலப் பாட்டெண்ணும் அடியெண்ணும் தாருங்கள். வாசகர் எந்தப் பதிப்பை வைத்திருந்தாலும் பெரும்பாலும் சிரமமின்றிச் சரிபார்க்கலாம். பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும் குறிப்புரைக்கும் முன்னுரைக்கும் மட்டும் ஆண்டும் பக்கமும் வேண்டும்.

ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குள் இட்டால் போதாதா, அடிக்குறிப்பு பழைய முறையல்லவா என்று சிலர் கேட்கலாம். அறிவியல் கட்டுரைகளுக்கு அது போதும் என்பதை மறுக்கவில்லை. ஆனால், ஒரு பாடத்தை ஏன் ஏற்றோம், மற்றொன்றை ஏன் விலக்கினோம் என்பதை அடைப்புக்குறிக்குள் அடக்க முடியாது.

முந்தைய அடிக்குறிப்பில் சொன்ன அதே நூல் என்று பொருள்படும் 'மேலது' என்பதை இறுதிப் படி வரை எழுதாதீர்கள். கணினியின் அடிக்குறிப்பு வசதியைப் பயன்படுத்தினால், பத்திகளை இடம் மாற்றும்போது எண்கள் தாமாகவே மாறிக்கொள்ளும். 'மேலது' மட்டும் புதிதாக முன்னே வந்து நிற்கும் வேறொரு நூலைச் சுட்டத் தொடங்கிவிடும். மேற்கோள் முறைகளுக்கான அமெரிக்க வழிகாட்டி நூலாகிய சிகாகோ நடைக் கையேடும் 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்கு மாற்றாக ஆசிரியர் பெயரும் சுருக்கத் தலைப்புமே நல்லது என்கிறது. உங்கள் பல்கலைக்கழக விதி 'மேலது' வேண்டும் என்றால், அச்சுக்குக் கொடுக்கும் முன்பு ஒரே மூச்சில் அவற்றை இட்டுக்கொள்ளுங்கள்.