இது தோல் நோய் அல்ல, ஈரல் நோய்

கேள்வி: தாளவாடிப் பக்கம், வனத்தை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. அண்மையில் சமவெளிச் சந்தையில் இரண்டு கலப்பினப் பசுக்கள் வாங்கினேன். கறுப்பு வெள்ளைப் பசு நான்கு நாட்களாகத் தீனி எடுக்கவில்லை. கண் மஞ்சளாகிவிட்டது, வெள்ளைத் திட்டுகளில் தோல் வெடித்து உரிகிறது. முழுக் கறுப்புப் பசு நன்றாக இருக்கிறது. 'இது தோல் நோய், தேறாது, பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்' என்கிறார் தரகர். மேய்ச்சல் நிலத்தில் உண்ணிச்செடி (லண்டானா) மண்டிக் கிடக்கிறது. ஆனால் ஊர் மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: முதலில் பசுவைக் கொட்டகைக்குள் கட்டுங்கள். வெயில் ஒரு கீற்றும் படக்கூடாது. பசுந்தீவனத்தை நிறுத்திவிட்டு வைக்கோலும் தண்ணீரும் வையுங்கள். கால்நடை மருத்துவரை இன்றே வரவழையுங்கள். அவர் கிடைக்காவிட்டால் கால்நடை உதவி எண் 1962க்கு அழையுங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் உண்ணிச்செடி நஞ்சையே காட்டுகின்றன. அதன் இலை ஈரலைத் தாக்கிப் பித்தம் வெளியேறாமல் செய்துவிடும். பசும்புல் செரிக்கும்போது உண்டாகும் ஒரு நிறமி பித்தத்தோடு கழிய வேண்டும். வழி அடைபட்டதும் அது இரத்தத்தில் தேங்குகிறது. வெயில் பட்டால் தோலைப் பொசுக்குகிறது. தோலுக்குக் களிம்பு மட்டும் தடவிக்கொண்டிருந்தால் ஈரல் பாழாகும். இரைப்பையும் அசைவற்றுப் போவதால், தின்ற இலை உள்ளேயே கிடந்து நாள்கணக்கில் நஞ்சைக் கசியவிடும். 'தின்று நான்கு நாள் ஆகிவிட்டதே, இனி என்ன' என்று விட்டுவிடாதீர்கள்.

இதற்கு ஆக்டிவேட்டட் சார்கோல் எனும் மருந்துக் கரித்தூளைக் கரைத்து, குழாய் வழியே இரைப்பைக்குள் செலுத்துவார்கள். மாட்டின் எடையில் கிலோவுக்கு 5 கிராம். 300 கிலோ பசுவுக்கு ஒன்றரைக் கிலோ. அவ்வளவு கரித்தூள் கிராமத்து மருந்தகத்தில் இருப்பு இருக்குமா என்று கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும். தொலைபேசியிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட்டால், அவர் கையோடு கொண்டுவர முடியும். அடுப்புக்கரியை இடித்து மூங்கில் குழாயில் புகட்டும் வேலை வேண்டாம்; நுரையீரலுக்குள் போனால் நஞ்சுக்கு முன்னால் அதுவே கொன்றுவிடும். காமாலைக்குச் சூடு போடுகிறேன் என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இனி அந்தக் கறுப்புப் பசு. 'நன்றாக இருக்கிறது' என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? தோலை வைத்துத்தானே? கருநிறத் தோல் வெயிலைத் தடுத்துவிடும், வெண்தோல் தடுக்காது. கறுப்பு வெள்ளைப் பசுவின் உடம்பையே உற்றுப் பாருங்கள்: உரிந்த தோல் வெள்ளைத் திட்டின் விளிம்பு வரை வந்து, கத்தரித்தாற்போல் நின்றிருக்கும். அங்குலம் தள்ளியுள்ள கறுப்புத் தோலில் ஒரு கீறல்கூட இருக்காது. இரண்டு நிறத் தோலுக்கும் ஈரல் ஒன்றுதான். முழுக் கறுப்பு மாட்டில் இந்த எச்சரிக்கை மணி அடிப்பதே இல்லை. அதன் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், ஈறைப் பாருங்கள். மஞ்சள் தட்டுகிறதா, சாணி இறுகியிருக்கிறதா, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகிறதா, அசைபோடுவது குறைந்திருக்கிறதா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் அதற்கும் உடனே சிகிச்சை தேவை. எதுவும் இல்லாவிட்டாலும் மருத்துவர் வரும்போது இரண்டையும் காட்டுங்கள்.

ஊர் மாடுகள் கன்றிலிருந்தே அந்தச் செடியோடு வளர்ந்தவை. புல் இருக்கும்வரை அதைத் தொடாது. சமவெளி மாடு புது இடத்தில் பசியோடு இறங்கினால் பச்சையாகத் தெரிவதில் வாய் வைக்கும். இது தரகருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும்போது இதைச் சொல்ல மாட்டார். மாடு படுத்ததும் பாதி விலையோடு வந்து நிற்பார். மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை விற்காதீர்கள். கடும் பாதிப்பில் சில நாட்களில் இறந்துவிடும், அல்லது இரண்டு மூன்று வாரம் இழுக்கும். மிதமான பாதிப்பு என்றால் மெல்லத் தேறும்.

செடியை வெட்டினாலும் கொளுத்தினாலும் இன்னும் அடர்ந்து துளிர்க்கும். மண்ணுக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை வெட்டிப் புரட்டிப் போடுங்கள். மறுமழைக்கு முளைக்கும் நாற்றுகளைக் கையால் பிடுங்குங்கள். காய்ந்த இலையிலும் நஞ்சு இருக்கும்; வெட்டியதை மாடு எட்டும் இடத்தில் குவிக்காதீர்கள். இதெல்லாம் உங்கள் பட்டாவில் மட்டும். வன எல்லைக்குள் அரிவாளோடு நுழைந்தால் வழக்கு உங்கள்மேல்தான் பாயும். உண்ணிச்செடி போன்ற அந்நியக் களைகளை அகற்ற 2022இல் தமிழக அரசு கொள்கையே வெளியிட்டது. காட்டுக்கு அது சரி. மேய்ச்சல் புறம்போக்கில் மண்டிக் கிடப்பதை யார் பிடுங்குவது என்று கேட்டால், ஒவ்வொரு துறையும் பக்கத்து மேசையைக் கைகாட்டும்.

பசுக்களுக்குக் காப்பீடு இருந்தால் காதுவில்லை எண்ணை இப்போதே படம் எடுத்து வையுங்கள்; மருத்துவரின் சிகிச்சைக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். அசம்பாவிதம் நேர்ந்தால், பிரேதப் பரிசோதனை முடியாமல் புதைத்துவிடாதீர்கள்.