மரவள்ளியில் தேமல்: அடுத்து எந்த மருந்து?

கேள்வி: ராசிபுரம் பக்கம் இரண்டு ஏக்கரில் மரவள்ளி போட்டிருக்கிறேன். நட்டு மூன்று மாதம் ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு செடிகளில் இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகி, முறுக்கிக்கொண்டு நிற்கிறது. கடைக்காரர் கொடுத்த பூச்சிமருந்தையும் டானிக்கையும் கலந்து மூன்று முறை அடித்தும் கேட்கவில்லை. அடுத்து எதை அடிக்கலாம் ஐயா? கெட்ட இலையைக் கிள்ளி ஆட்டுக்குப் போட்டு வருகிறேன்.

பதில்: முதலில் ஆட்டுக்குப் போடுவதை இன்றே நிறுத்துங்கள். மரவள்ளி இலை கசங்கினாலும் வாடினாலும் அதில் சயனைடு உண்டாகும். நீங்கள் மூன்று முறை மருந்து வேறு அடித்திருக்கிறீர்கள். தின்ற ஆடு வாயில் நுரை தள்ளி மூச்சுக்குத் திணறினால், கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். முறிமருந்து உண்டு, ஆனால் அவகாசம் மிகக் குறைவு.

இனி பயிருக்கு வருவோம். நீங்கள் சொல்வது தேமல் நோய். இது வைரஸ். இதைக் குணமாக்க எந்தக் கடையிலும் மருந்து கிடையாது. 'வைரஸ் டானிக்' என்று டப்பாவைத் தூக்கிக் கொடுப்பவர், ஒன்று தெரியாமல் விற்கிறார், இல்லை தெரிந்தே ஏமாற்றுகிறார். நாலாவது முறை அடிக்க வேண்டாம்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: விதைக்குச்சி எங்கிருந்து வந்தது? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நோய்ப்பட்ட ஒரு செடிக்கு முன்னால் உட்கார்ந்து, அடியிலிருந்து மேலே ஒவ்வோர் இலையாகப் பாருங்கள். அடி இலையிலேயே திட்டும் முறுக்கலும் இருந்தால் நோய் குச்சியோடு வந்தது. அடி இலை சுத்தமாக இருந்து கொழுந்துப் பக்கம் மட்டும் திட்டு விழுந்திருந்தால், அது பிற்பாடு வெள்ளை ஈ கொண்டுவந்தது. குச்சியோடு வந்த செடியில் கிழங்கு நன்றாகவே குறையும். ஈயால் பிந்தி வந்ததில் இழப்பு அவ்வளவு இருக்காது. மூன்றில் ஒரு பங்கு என்கிறீர்களே, பெரும்பாலும் குச்சிதான் என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்தில் உரத்துக்குக் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறோம். குச்சி மட்டும் சும்மா கிடைக்க வேண்டும். அறுவடை முடிந்த காட்டில் கிடப்பதை வண்டியில் ஏற்றி வந்து நட்டுவிடுகிறோம். இலை உதிர்ந்த குச்சியைப் பார்த்து எது நோய்க்குச்சி, எது நல்ல குச்சி என்று யாராலும் சொல்ல முடியாது. மாவுப்பூச்சியும் இப்படித்தான் ஊர் ஊராகப் போகிறது. 2020-ல் திருச்சூரில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, பிறகு சேலம், நாமக்கல் காடுகளையும் பதம் பார்த்தது. அதைத் தின்று அழிக்கும் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022-ல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். கடைக்காரர் பேச்சைக் கேட்டு நாம் அடிக்கும் பூச்சிமருந்து அந்தக் குளவியைத்தான் முதலில் கொல்லும்.

இந்தப் பயிரை அழிக்க வேண்டாம். மூன்றாம் மாதம் மேலுரத்துக்குச் சரியான நேரம். பாசனப் பயிராக இருந்தால் ஏக்கருக்கு 40 கிலோ யூரியா, 80 கிலோ பொட்டாஷ் போட்டு மண் அணையுங்கள். பொட்டாஷில் கஞ்சத்தனம் வேண்டாம். கிழங்கில் மாவுச்சத்து ஏற அது வேண்டும். ஆலையில் பாயிண்ட், அதாவது மாவுச்சத்தின் அளவு பார்த்துத்தான் விலை போடுகிறார்கள்.

அப்புறம், இலை பசுமையாக இருக்கும்போதே காட்டுக்குள் இறங்கி, துளி மஞ்சள்கூட இல்லாத செடிகளுக்கு மட்டும் சிவப்புத் துணி கட்டுங்கள். மாதம் ஒருமுறை போய்ப் பாருங்கள். திட்டு தெரிந்த செடியின் துணியை அவிழ்த்துவிடுங்கள். அறுவடை வரை துணியோடு நின்ற செடிதான் உங்கள் விதை. குச்சியின் இளம் நுனியையும் முற்றிய அடியையும் கழித்துவிட்டு நடுப்பகுதியை எடுத்து, நிழலில் நிமிர்த்தி வையுங்கள். நடும் அன்று வெட்டினால் வெட்டுவாயில் சட்டென்று பால் கசிய வேண்டும். கசியாவிட்டால் அது காய்ந்த குச்சி, தூரப் போடுங்கள்.

குச்சி போதாதே என்று கவலை வேண்டாம். திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் சொல்லும் வழி ஒன்று இருக்கிறது. இரண்டு கணு உள்ள சிறு துண்டுகளாக வெட்டி, நிழல்வலைக்குக் கீழே நாற்றங்காலில் நெருக்கி நட வேண்டும். மூன்று நான்கு வாரத்தில் தேமல் காட்டும் நாற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மீதியைக் காட்டில் நட வேண்டும். வழக்கமாக ஒரு செடிக் குச்சி பத்துச் செடிக்கு வரும். இந்த முறையில் அறுபது வரை வரும். இதில் எனக்குப் பிடித்ததே அந்தப் பிடுங்கி எறியும் வேலைதான். நோய் காட்டுக்குள் நுழையும் முன்பே கண்ணில் பட்டுவிடுகிறது.

ரகத்தையே மாற்றுவதாக இருந்தால் ஏத்தாப்பூர் 2, ஸ்ரீ ரக்ஷா இரண்டும் தேமலைத் தாங்குபவை. நிலையத்திலேயே நேரில் கேட்டு வாங்குங்கள், இடைத்தரகரிடம் வேண்டாம்.

அறுவடைக்குப் பிறகு துணி கட்டாத குச்சிகளை வரப்போரம் குவித்து வைக்காதீர்கள். மழை பட்டால் அங்கேயே துளிர்த்து வெள்ளை ஈக்கு இடம் கொடுக்கும். காயவைத்து எரித்துவிடுங்கள். பக்கத்துக் காட்டுக்காரர் சும்மா கேட்டாலும் கொடுக்காதீர்கள்.