துடுப்புச் சக்கரக் கப்பலின் சிறு மாதிரியை ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டில் கட்டுவோர் கேட்கிறார்கள்

முதன்முறை கட்டுகிறேன். எந்தக் கப்பலை எடுக்கலாம்?

ஸ்காட்லாந்தின் 'வேவர்லி'. 1940-இல் டன்கிர்க்கில் மூழ்கிய அதே பெயர்க் கப்பலுக்கு மாற்றாகக் கட்டப்பட்டு 1947-இல் ஓடத் தொடங்கியது. இன்னும் உயிரோடு இருப்பதால் புகைப்படங்களுக்குப் பஞ்சமில்லை. நீளம் 73 மீட்டர். 1:150 அளவில் சுமார் 49 செ.மீ., மேசைக்கு ஏற்றது. கப்பலின் உடல் ஒல்லியானது. இருபுறமும் சக்கரங்களை மூடும் பெட்டிகளோடு சேர்ந்த அகலத்தில் உடலின் பங்கு பாதியைச் சற்றே தாண்டும். இதைக் கவனிக்காமல் உடலைப் பருமனாக்கிவிட்டால் கப்பலின் அழகே போய்விடும்.

இரண்டு தகடுகளை ஒட்டி மேல்தளம் செய்தேன். பத்து நாள் கழித்து நடுவில் உப்பிவிட்டது.

பசையிலிருந்து உள்ளே சிக்கிய கரைப்பானின் வேலை இது. ஸ்டைரீன் பசை தகட்டையே கரைத்து இணைக்கிறது. ஆவி வெளியேற வழியில்லாவிட்டால் தகடு உள்ளேயே இளகிக்கொண்டிருக்கும். அடித்தகட்டில் இரண்டு செ.மீ.க்கு ஒன்றாகச் சிறு துளைகள் போடுங்கள். பசையைக் குறைவாகத் தடவி, கண்ணாடிமேல் வைத்துப் பாரம் ஏற்றிச் சில நாள் விடுங்கள். மூடிய கப்பல் உடலுக்கும் எங்காவது ஒரு துளை வேண்டும். உங்கள் மூச்சுக்காகவும் சேர்த்துச் சொல்கிறேன்: ஜன்னலைத் திறந்து வைத்தே ஒட்டுங்கள்.

சக்கரம் பொம்மைபோல இருக்கிறது. எங்கே தவறினேன்?

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் புரிந்தது: துடுப்புப் பலகைகளை ஆரக்காலின் நேர்கோட்டிலேயே ஒட்டியிருக்கிறீர்கள். அப்படி நிலையாகப் பொருத்திய சக்கரங்களும் உண்டு. ஆனால் வேவர்லியின் எட்டுப் பலகைகளும் கீல்களில் திரும்புபவை. அச்சுக்கு முன்னால், மையம் விலகிச் சுழலும் ஒரு தலையிலிருந்து தண்டுகள் வந்து ஒவ்வொரு பலகையையும் திருப்புகின்றன. அதனால் பலகை தண்ணீரை அறையாமல் கத்திபோல இறங்கி, ஏறும்போது நீரை வாரித் தூக்காமல் வெளிவருகிறது. இதற்காகவே எத்தனையோ பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்; மாதிரியில் அதை விட்டுவிட எனக்கு மனம் வராது.

கோணம் கண்டுபிடிப்பது எளிது. சக்கர வட்டத்தைக் காகிதத்தில் வரைந்து, அதன் உச்சிப் புள்ளியிலிருந்து கீழ்ப்பாதியிலுள்ள ஒவ்வொரு கீலுக்கும் கோடு இழுங்கள். பலகை ஏறக்குறைய அந்தக் கோட்டின்மேல் படுக்க வேண்டும். அடியில் இருப்பது செங்குத்தாக நிற்கும். மேல்பாதிப் பலகைகளைப் படம் பார்த்து வையுங்கள், பெரும்பாலும் பெட்டி மறைத்துவிடும்.

சக்கரத்தின் வளையங்களை 1 மி.மீ. தகட்டில் வெட்டும்போது, வெளிவட்டம் உள்வட்டம் இரண்டையும் பாதி ஆழம் கீறிய பிறகே எதையும் பிரியுங்கள். நடுத்துளை போய்விட்டால் கவராயத்தின் காலை ஊன்ற இடமிருக்காது.

வரிசை ஜன்னல்களை வெட்டினால் ஒன்றுகூட ஒத்துவருவதில்லை.

வெட்டாதீர்கள். மேலே ஒரு நீளப்பட்டை, கீழே ஒன்று, நடுவே ஒரே அளவுத் துண்டுகள். ஜன்னல் தானே பிறந்துவிடும்.

மோட்டார் வைத்து இரு சக்கரங்களையும் எதிரெதிராகச் சுற்ற விடலாமா?

சில பழைய இழுவைக் கப்பல்களில் அப்படி இருந்தது. வேவர்லியில் இரண்டும் ஒரே அச்சில் பூட்டியவை, எப்போதும் சேர்ந்தே சுற்றும். ஒரு மோட்டார், அச்சாக ஒரு கம்பி போதும்.